அணையை எப்போது திறப்பது? கம்ப்யூட்டர் மாடல் போடும் கணக்கு

டிசம்பரில் வெள்ளம் வந்தால் "ஏரியை முன்கூட்டியே திறந்துவிட்டிருக்கலாமே" என்கிறோம். மே மாதம் குடத்தோடு லாரிக்குக் காத்து நிற்கும்போது "மழையில் வந்த தண்ணீரையெல்லாம் கடலுக்கு விட்டுட்டாங்களே" என்கிறோம். இரண்டுமே நியாயமான ஆதங்கம். ஆனால் இரண்டும் ஒரே ஏரியைப் பற்றிய பேச்சு என்பது அந்தந்த நேரத்தில் நமக்கு நினைவுக்கு வருவதில்லை. செம்பரம்பாக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2015 டிசம்பர் 1 இரவு அங்கிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி தண்ணீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டது, அந்த இரவைச் சென்னைக்காரர் யாரும் மறக்கமாட்டார்கள். 2019 ஜூனில் அதே ஏரி வெடித்த தரையாகக் கிடந்தது, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். இடையில் மூன்றரை வருடம்தான்.

இப்போதெல்லாம் இந்தப் பேச்சில் இன்னொரு வாக்கியமும் சேர்ந்துகொள்கிறது: "இவ்வளவு டெக்னாலஜி இருக்கு, கம்ப்யூட்டர்ல போட்டா எப்ப, எவ்வளவு திறக்கணும்னு சொல்லிடாதா?" அப்படி ஒரு கம்ப்யூட்டர் மாடல் உண்மையிலேயே இருக்கிறது, உலகம் முழுக்கப் பெரிய அணைகளுக்கு அதைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அது ஜோசியம் சொல்லும் பெட்டி என்று பாதிப் பேரும், அதிகாரிகள் தப்பித்துக்கொள்ளக் காட்டும் வண்ணப்படம் என்று மீதிப் பேரும் நினைக்கிறார்கள். உள்ளே நடப்பது கூட்டல் கழித்தல்தான், பள்ளிக் கணக்கு தெரிந்த யாருக்கும் புரியும். அதை முதலிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

## ஒரு சம்ப், இரண்டு வேலை

சென்னையில் ஒரு சின்ன அடுக்குமாடி வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே சம்ப், அதில் லாரித் தண்ணீர் இறங்கும். மொட்டை மாடி மழைநீர்க் குழாயையும் அதே சம்புக்குத்தான் இழுத்து விட்டிருக்கிறார்கள். லாரி செவ்வாய்க்கிழமை வரும் என்பார்கள், சில வாரம் வராது. அதனால் சம்பை எப்போதும் நிரப்பி வைத்திருப்பதுதான் புத்திசாலித்தனம். ஆனால் நிறைந்த சம்பில் ராத்திரி நல்ல மழை பெய்தால் தண்ணீர் மூடியைத் தள்ளிக்கொண்டு கார் நிறுத்தும் இடத்துக்கு வரும், அங்கிருந்து லிஃப்ட் குழிக்குப் போகும். மழைக்கு இடம் வேண்டுமென்று சம்பைப் பாதியாக வைத்தாலோ, மழை ஏமாற்றி லாரியும் வராமல் போன வாரத்தில் மூன்றாவது மாடிக்காரர் வாட்ச்மேனைப் பிடித்துக்கொள்வார்.

ஏரிக்கும் அணைக்கும் இதே பாடுதான். குடிக்கவும் பயிருக்கும் தண்ணீர் சேர்க்க வேண்டும் என்றால் நிரம்பியிருக்க வேண்டும், வெள்ளத்தைத் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்றால் காலியிடம் இருக்க வேண்டும். ஒரே கிண்ணம், இரண்டு எதிரெதிர் வேலை. இந்த முரணை எந்தக் கம்ப்யூட்டராலும் இல்லாமல் ஆக்க முடியாது. எவ்வளவு நிறைவு, எவ்வளவு காலியிடம், எந்த மாதத்தில் என்பதை ஊகத்தில் விடாமல் எண்ணிப் பார்க்க அது உதவும்.

நம் ஊர்க் கண்மாய்களில் நீர்க்கட்டி என்று ஒருவர் இருப்பார். எந்த மடையை எவ்வளவு நேரம் திறப்பது, மேகம் எந்தப் பக்கம் கூடினால் உபரிநீர் வழியும் கலங்கலைப் போய்ப் பார்ப்பது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஒரு கண்மாய்க்கு அவர் தலைக்குள் ஓடும் கணக்கு போதும். ஆற்றில் பத்து அணை, இரண்டு மாநிலம், ஒரு பெருநகரம் என்று வந்துவிட்டால் அந்தக் கணக்கைத் தலைக்கு வெளியே எடுத்து எழுதியாக வேண்டும். அப்படி எழுதி வைத்ததுதான் மாடல்.

## முதலில் அளவுகள்: அடி, கனஅடி, டிஎம்சி

செய்தியில் மூன்று அளவுகள் கலந்து வரும். அதைப் பிரித்துக்கொள்ளாமல் மேலே போக முடியாது.

விநாடிக்கு இத்தனை கனஅடி என்பது ஓடும் வேகத்தின் அளவு, குழாயைத் திறந்தால் எவ்வளவு வேகமாக வருகிறது என்பது போல. டிஎம்சி என்பது தேங்கி நிற்கும் அளவு, வாளியில் எவ்வளவு இருக்கிறது என்பது போல. 1 டிஎம்சி என்றால் 100 கோடி கனஅடி. ஒன்றை மற்றொன்றாக மாற்ற ஒரு எண் போதும்: விநாடிக்கு 11,574 கனஅடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் அது 1 டிஎம்சி. சிறிய ஏரிகளுக்கு மில்லியன் கனஅடி என்பார்கள், ஆயிரம் மில்லியன் சேர்ந்தால் 1 டிஎம்சி.

அடி என்பது நீர்மட்டத்தின் உயரம். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். மேட்டூர் அணையின் முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. "60 அடி இருக்கு, பாதி அணை இருக்கு" என்று டீக்கடையில் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். 60 அடியில் இருப்பது சுமார் 25 டிஎம்சி, கால் பங்கைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். அணை ஒரு பள்ளத்தாக்கை மறித்துக் கட்டியது, அடியில் குறுகலாகவும் மேலே போகப்போக அகலமாகவும் இருக்கும், மண் சட்டி மாதிரி. 100 அடியில் சுமார் 65 டிஎம்சி. அப்படியானால் கடைசி 20 அடியில் நிற்கும் தண்ணீர், கீழே உள்ள முதல் 60 அடியில் நிற்பதைவிட அதிகம்! எந்த உயரத்துக்கு எவ்வளவு தண்ணீர் என்று எழுதி வைத்த அட்டவணையைக் கொள்ளளவு அட்டவணை என்பார்கள். எந்த மாடலுக்கும் முதல் தீனி இதுதான்.

## மாடலின் உள்ளே: ஒரு வரவு செலவு நோட்டு

சரி, இப்போது மாடலைத் திறந்து பார்ப்போம். அதன் நடுவில் இருப்பது இந்த ஒரு வரி:

நாளைய இருப்பு = இன்றைய இருப்பு + நீர்வரத்து − திறந்துவிட்டது − ஆவியானது

இதற்கு நீர்ச் சமநிலை என்று பெயர். மளிகைக்கடை நோட்டில் வரவு, செலவு, கையிருப்பு எழுதுவதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. ஆவியானதையும் ஏன் எழுத வேண்டும் என்று தோன்றலாம். மேட்டூர் நிரம்பினால் நீர்ப்பரப்பு சுமார் 150 சதுர கிலோமீட்டர். வெயிலில் ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் போகிறது என்று வைத்துக்கொண்டால், விரல் நகம் அளவுகூட இல்லாத அந்த உயரம் 75 கோடி லிட்டர். சென்னைக்கு மாதம் சுமார் 1 டிஎம்சி வேண்டும் என்று பொதுவாகக் கணக்கு சொல்வார்கள். அப்படிப் பார்த்தால் சென்னையின் ஒரு நாள் தேவையில் முக்கால் பங்குக்கு மேல் ஒரே நாளில் காற்றோடு போகிறது.

இந்த வரியில் வரத்து இயற்கை தருவது, ஆவியாதல் வெயில் எடுப்பது. மனிதன் கையில் இருப்பது "திறந்துவிட்டது" என்ற ஒரே கட்டம். அந்தக் கட்டத்தை எதை வைத்து நிரப்புவது என்று நாம் முன்கூட்டியே எழுதி வைப்பதற்கு இயக்க விதி என்று பெயர். "22 அடியைத் தாண்டினால் 1,000 கனஅடி திற" என்பது ஒரு இயக்க விதி. "ஜூன் 12-ல் மேட்டூரைப் பாசனத்துக்குத் திற" என்பதும் இயக்க விதிதான்.

இதுவரை வந்ததைச் சேர்த்துச் சொன்னால்: அணை ஒரு வாளி, மாடல் அந்த வாளியின் வரவு செலவு நோட்டு, நாம் மாற்றிப் பார்க்கக்கூடியது இயக்க விதி மட்டும். மாடலிடம் கேட்கும் கேள்வியும் இதிலிருந்தே வருகிறது: "இந்த விதியைப் பிடித்துக்கொண்டால், இப்படி மழை பெய்தால், என்ன ஆகும்?"

## ஐந்து நாள் மழையை ஓட்டிப் பார்ப்போம்

எக்செல் இருந்தால் திறந்துகொள்ளுங்கள், இல்லையென்றால் பேப்பரும் பேனாவும் போதும். ஒரு கற்பனை ஏரி, கொள்ளளவு 3,600 மில்லியன் கனஅடி. செம்பரம்பாக்கம் 3,645, ஆகவே கிட்டத்தட்ட அந்த அளவு. மழைக்கு முன் இருப்பு 3,200. அடுத்த ஐந்து நாள் நீர்வரத்து முறையே விநாடிக்கு 2,000, 6,000, 20,000, 8,000, 3,000 கனஅடி என்று வைத்துக்கொள்வோம். எண்கள் என்னுடையவை, கணக்கு முறை அசல். 1,000 கனஅடி ஒரு நாள் ஓடினால் 86.4 மில்லியன் கனஅடி, இதை வைத்துப் பெருக்கிக்கொண்டே போக வேண்டியதுதான்.

முதல் விதி: நிரம்பும் வரை மூடி வை, நிரம்பியபின் வருவதை அப்படியே விடு. முதல் நாள் 173 சேர்ந்து இருப்பு 3,373. இரண்டாம் நாள் 518 வருகிறது, ஏரி நிரம்பிவிட்டது, மிச்சத்தை விடுகிறோம். மூன்றாம் நாள்தான் பெருமழை. ஏரியில் ஒரு சொட்டுக்கும் இடமில்லை, வருகிற 20,000 கனஅடியும் அப்படியே ஆற்றில் போகிறது. கரையோரத்துக்காரர்களைப் பொறுத்தவரை அங்கே ஏரி இருப்பதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான்.

இரண்டாம் விதி: மழை வரும் என்று தெரிந்த முதல் நாளிலிருந்தே 5,000 கனஅடி விடு. முதல் நாள் முடிவில் 2,941. இரண்டாம் நாள் 3,027. மூன்றாம் நாள் வரத்தைச் சேர்த்து 5,000-ஐக் கழித்தால் 4,323, கொள்ளளவைவிட 723 அதிகம். அதையும் விட்டாக வேண்டும். மொத்த வெளியேற்றம் விநாடிக்குச் சுமார் 13,400 கனஅடி. இரண்டு நாள் முன்னால் திறந்தும் இவ்வளவுதான் குறைந்தது. "ரெண்டு நாள் முன்னாடி திறந்திருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது" என்ற பேச்சு கணக்கில் நிற்பதில்லை, ஆனால் அந்த ஆறாயிரத்துச் சொச்சம் கனஅடி குறைந்ததில் எத்தனையோ தெருக்கள் தப்பித்திருக்கும் என்பதும் அதே கணக்கில்தான் தெரிகிறது.

மூன்றாம் விதி: மழைக்காலம் தொடங்கும்போதே இருப்பை 2,400-க்கு மேல் விடாதே, மழை வந்ததும் 5,000 விடு. முதல் நாள் 2,141, இரண்டாம் நாள் 2,227, மூன்றாம் நாள் பெருமழை முழுக்க உள்ளே அடங்கி 3,523. நான்காம் நாள்தான் கொஞ்சம் வழிகிறது, அதிகபட்ச வெளியேற்றம் சுமார் 7,100 கனஅடி. இருபதாயிரம் ஏழாயிரமாகிவிட்டது!

அப்புறம் ஏன் எல்லா ஏரியிலும் மூன்றாம் விதியை வைத்துவிடக் கூடாது? அதே நோட்டில் இன்னொரு வருடத்தைப் போட்டுப் பாருங்கள். அந்த ஐந்து நாள் மழை வரவே இல்லை, ஏரி 2,400-லேயே நின்றுவிட்டது. முதல் விதியை வைத்திருந்தால் 3,200 இருந்திருக்கும். வித்தியாசம் 800 மில்லியன் கனஅடி, சென்னை முழுவதற்கும் மூன்று வாரத்துக்கு மேல் வரும் தண்ணீர். இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2015-ல் மூழ்கிய அதே தமிழ்நாட்டில் அடுத்த வருடமே, 2016-ல், வடகிழக்குப் பருவமழை 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேலே நான் நாள் கணக்கில் ஓட்டினேன். ஒரு நாளின் சராசரி 20,000 என்றால் அதற்குள் ஏதோ மூன்று மணி நேரம் 40,000 வந்திருக்கலாம், வீட்டுக்குள் தண்ணீர் ஏறுவது அந்த மூன்று மணி நேரத்தில்தான். அதனால் வெள்ளத்துக்கான மாடலை மணிக்கணக்கில் ஓட்டுவார்கள், பங்கீட்டுக்கான மாடலுக்கு பத்து நாளோ ஒரு மாதமோ ஒரு கட்டமாக இருந்தாலும் போதும்.

## ரூல் கர்வ் என்றால் என்ன

ஒரே ஒரு மழையை ஓட்டினால் அந்த மழைக்கு ஏற்ற விதிதான் கிடைக்கும். ஆகவே உண்மையான மாடலில் 40, 50 வருட வரத்துக் கணக்கைத் தினசரி வரிசையாகக் கொடுத்து, ஒரே விதியை அத்தனை வருடத்துக்கும் ஓட்டுவார்கள். இதற்கு உருவகப்படுத்தல் என்று பெயர். முடிவில் இரண்டு எண்ணிக்கை கிடைக்கும்: எத்தனை வருடம் கீழே வெள்ளம் போனது, எத்தனை வருடம் கோடையில் தட்டுப்பாடு வந்தது. விதியைக் கொஞ்சம் மாற்றி மறுபடி ஓட்டுவார்கள். கம்ப்யூட்டர் தேவைப்படுவது இதற்காகத்தான், ஒரு வரிக் கணக்கை லட்சம் தடவை அலுக்காமல் போட.

இப்படி ஓட்டி ஓட்டி, "நவம்பர் முதல் வாரம் இவ்வளவு வரை, டிசம்பர் கடைசியில் இவ்வளவு வரை தேக்கலாம்" என்று வருடம் முழுவதற்கும் வரைந்த கோடுதான் ரூல் கர்வ். மழை அதிகம் எதிர்பார்க்கும் மாதத்தில் கோடு தாழ்ந்திருக்கும், மழை முடியும் நேரத்தில் ஏறிவிடும்.

தேனிப் பக்கம் இந்த வார்த்தையை விளக்கவே வேண்டியதில்லை. முல்லைப் பெரியாறில் 142 அடி வரை தேக்கலாம் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் 2021 அக்டோபர் 29 அன்று 138 அடியைத் தாண்டிய நிலையிலேயே ஷட்டர்கள் திறக்கப்பட்டன, ரூல் கர்வ் அந்தத் தேதிக்கு அந்த அளவுக்குமேல் அனுமதிக்கவில்லை என்பது காரணம். ஐந்து மாவட்ட விவசாயிகள் கொதித்துப்போனார்கள். அணைக்குக் கீழே இடுக்கியில் இருப்பவருக்கு அந்தக் கோடு நிம்மதி, கம்பம் பள்ளத்தாக்கில் இருப்பவருக்கு அது இழந்த தண்ணீர். கோடு ஒன்றுதான்.

சுருக்கமாக: ஒரு விதியைப் பல வருட மழையில் ஓட்டிப் பார்ப்பது உருவகப்படுத்தல். அதிலிருந்து மாதவாரியாக வரையும் எல்லைக் கோடு ரூல் கர்வ். வெள்ளமும் தட்டுப்பாடும் ஒரே தராசின் இரண்டு தட்டு, ஒன்றைக் குறைத்தால் மற்றொன்று ஏறும். எவ்வளவு ஏறும் என்பதை மாடல் எண்ணாகக் காட்டுகிறது.

## முன்னறிவிப்பு எங்கே நுழைகிறது

"மழை வருவது ரமணன் சாருக்கே தெரிந்ததே" என்று 2015-ல் பலர், அன்றைய சென்னை வானிலை மைய இயக்குநரைக் காட்டிச் சொன்னார்கள். மழை வரும் என்று தெரிவதற்கும், எந்த ஏரியின் நீர்ப்பிடிப்பில் எத்தனை சென்டிமீட்டர் என்று தெரிவதற்கும் நிறைய தூரம். 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும் செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் பதிவானது. அந்த மேகக்கூட்டம் ஐம்பது கிலோமீட்டர் வடக்கே தள்ளிக் கொட்டியிருந்தால் அன்று பூண்டி ஏரியைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம்.

அதனால் இப்போது ஒரே முன்னறிவிப்பை நம்பாமல், தொடக்க நிலையைச் சற்றே மாற்றி மாற்றி முப்பது, ஐம்பது முன்னறிவிப்புகளை உருவாக்குகிறார்கள். இதைத் தொகுப்பு முன்னறிவிப்பு என்று சொல்லலாம். ஒவ்வொன்றையும் மழை விழுந்து ஓடையாகி ஏரிக்கு வரும் கணக்கைப் போடும் தனி மாடலுக்குக் கொடுத்தால் ஐம்பது விதமான நீர்வரத்து கிடைக்கும். அதை ஏரி மாடலுக்குக் கொடுத்தால் "ஐம்பதில் முப்பதில் ஏரி நிரம்பி வழிகிறது, பத்தில் பாதிகூட நிரம்பவில்லை" என்பது மாதிரி ஒரு விடை வரும். இப்போது திறக்கலாமா? இந்த இடத்தில் கம்ப்யூட்டர் நின்றுவிடுகிறது. ஐந்தில் மூன்று வாய்ப்பு போதுமா, நான்கு வேண்டுமா என்பது கரையில் இருப்பவரின் உயிரையும் நகரத்தின் குடிநீரையும் எடை போடும் முடிவு, அதை மனிதர்தான் எடுக்க வேண்டும், எடுத்ததை எழுதி வைத்துப் பொறுப்பேற்கவும் வேண்டும். 2018-ல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை 2015 வெள்ளத்தை மனிதரால் நேர்ந்த பேரிடர் என்றது. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது, முடிவெடுக்கும் வழியை மழைக்கு முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும் என்பதுதான். கொட்டும் மழையில், கரண்ட் போன நேரத்தில், ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு யாரும் தராசைத் தூக்கிப் பார்க்க முடியாது.

2020 நவம்பர் 25-ல், நிவர் புயல் கரையைக் கடக்கும் முன், செம்பரம்பாக்கம் 22 அடியை எட்டியதும் பகலிலேயே 1,000 கனஅடியில் தொடங்கித் திறந்தார்கள். முழு உயரமான 24 அடிக்கு இன்னும் இரண்டு அடி பாக்கி இருந்தது. மேலே சொன்ன இரண்டாம் விதியின் சாயல் இதில் தெரிகிறதா?

இன்னொரு கேள்வி அடிக்கடி வரும்: 2015-ல் அடையாற்றில் வந்த வெள்ளம் முழுக்கச் செம்பரம்பாக்கத்துத் தண்ணீரா? இல்லை. ஆதனூர், மண்ணிவாக்கம், முடிச்சூர் பக்கத்து ஏரிகளின் உபரிநீரும் அதே ஆற்றில்தான் சேர்கிறது, அங்கெல்லாம் அப்போது திறக்கவும் மூடவும் ஷட்டர் கொண்ட பெரிய மதகு கிடையாது, நிரம்பியதும் கலங்கல் வழியே தானாகப் போனது. ஏரியை மட்டும் பார்க்கும் மாடல் இதைத் தவறவிடும். அதனால் ஆற்றையும் சேர்த்து ஓட்ட வேண்டும்.

## பங்கீடு: காவிரியை வரைந்து பார்ப்போம்

வெள்ளம் மணிக்கணக்கு என்றால் பங்கீடு மாதக்கணக்கு. இங்கே மாடல் பார்ப்பதற்கு பஸ் ரூட் படம் மாதிரி இருக்கும். கபினி, கிருஷ்ணராஜசாகர், மாநில எல்லையில் நீரை அளக்கும் பிலிகுண்டுலு, மேட்டூர், முக்கொம்பு, கல்லணை ஒவ்வொன்றும் ஒரு புள்ளி. இடையே ஆறு ஒரு கோடு. ஒவ்வொரு கோட்டுக்கும் பயண நேரம் உண்டு, மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்துசேர மூன்று, நான்கு நாளாகும், அங்கிருந்து கடைமடைக்கு இன்னும் பல நாள். அதாவது நாகப்பட்டினத்து வயலுக்கு அடுத்த வாரம் வேண்டிய தண்ணீரை இன்றே திறக்க வேண்டும், அது வழியில் வரும்போது டெல்டாவில் மழை கொட்டினால் அதே தண்ணீர் பாரமாகிவிடும், கொள்ளிடத்தில் தள்ள வேண்டியதுதான்.

காவிரித் தீர்ப்பில் வரும் 740 டிஎம்சி என்ற எண்ணைப் பலரும் ஆற்றில் வருடாவருடம் வரும் தண்ணீர் என்று நினைக்கிறார்கள். அது 50 சதவீத நம்பகத்தில் கிடைக்கும் அளவு. நம்பகம் என்றால், நூறு வருடத்தில் எத்தனை வருடம் குறைந்தது அந்த அளவாவது வரும் என்பது. இரண்டு வருடத்தில் ஒரு வருடம் 740 அல்லது அதற்கு மேல், இன்னொரு வருடம் அதற்குக் கீழே. அந்த 740-ஐத்தான் 2018 பிப்ரவரி 16 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு 404.25, கர்நாடகாவுக்கு 284.75, கேரளாவுக்கு 30, புதுச்சேரிக்கு 7 என்று பிரித்தது, மிச்சம் 14 சுற்றுச்சூழலுக்கும் கடலில் தவிர்க்க முடியாமல் கலப்பதற்கும். பிலிகுண்டுலுவில் கர்நாடகா தர வேண்டியது 177.25 டிஎம்சி, அதில் ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95, செப்டம்பரில் 36.76. நல்ல வருடத்தில் சண்டையே வராது, அணைகள் நிரம்பித் தானாக வந்துவிடும். சண்டை வருவது அந்த "இன்னொரு" வருடத்தில், அப்போது பற்றாக்குறையை எப்படிப் பிரிப்பது என்ற விதிதான் எல்லாம்.

அதை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். மூன்று வாய்க்கால், தேவை 10, 8, 6. மொத்தம் 24, கையில் இருப்பது 15. தலைமடைக்கு முதலில் என்ற விதி வைத்தால் 10, 5, 0, கடைமடை காய்ந்து போகும். எல்லாருக்கும் சமவிகிதம் என்றால் 6.25, 5, 3.75. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் நெல்லுக்குப் பூக்கும் பருவத்தில், பால் பிடிக்கும் நேரத்தில் தண்ணீர் தவறினால் அறுபது சதவீதத் தண்ணீருக்கு அறுபது சதவீத விளைச்சல் கிடைக்காது, பதராகப் போகும். எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் கொடுத்து எல்லாருடைய பயிரையும் கெடுக்கும் விதியாகவும் அது ஆகலாம். டெல்டாவில் முறைவைத்துத் தண்ணீர் விடுவது இதனால்தான் வந்தது, இந்த வாரம் இந்த ஆற்றுக்கு, அடுத்த வாரம் அந்த ஆற்றுக்கு என்று, வந்த வாரத்தில் வயல் நிறையும்படி. மாடலில் வாய்க்காலை மட்டும் வரைந்து, பயிர் எந்தப் பருவத்தில் இருக்கிறது என்பதை விட்டுவிட்டால் விடை காகிதத்தில் மட்டும் நியாயமாக இருக்கும்.

ஜூன் 12-ல் மேட்டூரைத் திறக்கலாமா என்ற கேள்வியையும் இப்படித்தான் ஓட்டிப் பார்ப்பார்கள். இன்றைய இருப்பிலிருந்து தொடங்கி, கடந்த 40 வருடத்தில் ஒவ்வொரு வருடத்தின் வரத்தையும் தனித்தனியாகக் கொடுத்து ஜனவரி வரை ஓட்டினால், உதாரணத்துக்கு 28 வருடத்தில் சம்பா கடைசி வரை தண்ணீர் எட்டியது, 12 வருடத்தில் இடையில் நின்றது என்று வரும். குறுவைக்குத் திறந்தால் சம்பாவுக்கு என்ன ஆபத்து என்பதை விவசாயியிடம் இந்த எண்ணோடு சொல்லலாம். "நிலைமையைப் பொறுத்து முடிவெடுக்கப்படும்" என்ற அறிக்கையைவிட இது எவ்வளவோ மேல்.

இதற்கெல்லாம் தனி மென்பொருள்கள் உண்டு. அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை உருவாக்கிய எச்இசி-ரெஸ்சிம் இலவசமாகவே கிடைக்கிறது. வேறு சில, விதியைக் கொடுக்காமல் "தட்டுப்பாடும் வெள்ளமும் மிகக் குறைவாக வரும் விதியை நீயே தேடு" என்று சொன்னால் தேடியும் தரும், அதற்கு உகப்பாக்கம் என்று பெயர். ஆனால் ஒரு டிஎம்சி தட்டுப்பாடு எத்தனை வீடு மூழ்குவதற்குச் சமம் என்று முதலில் நாம் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த எண்ணை யார் எழுதினார்கள் என்று கேட்காமல் உகப்பாக்க விடையை ஏற்கக் கூடாது.

## எங்கே பிசகும்

பெரிய பிசகுகள் கம்ப்யூட்டரில் நடப்பதில்லை, தரையில் நடக்கின்றன. மேட்டூர் 1934-ல் கட்டி முடித்த அணை, ஒவ்வொரு வெள்ளமும் கொண்டுவந்த வண்டல் அடியில் படிந்துகொண்டே இருக்கிறது. கொள்ளளவு அட்டவணை பழையது என்றால், நோட்டில் இருக்கும் தண்ணீர் அணையில் இருக்காது. ஆற்றின் அகலம் வரைபடத்தில் ஒன்றாகவும், ஆக்கிரமிப்புக்குப் பின் நேரில் வேறாகவும் இருந்தால், "7,000 கனஅடி பாதுகாப்பானது" என்று மாடல் சொல்லும் இடத்தில் 4,000-லேயே தண்ணீர் வீட்டுக்குள் வரும். அப்புறம் மழைமானி. நீர்ப்பிடிப்பில் ஐந்து இடத்தில் வைக்க வேண்டியதை ஒரு இடத்தில் வைத்தால், மழை எங்கே பெய்தது என்பதே மாடலுக்குத் தெரியாது. பழைய 40 வருடத்தின் மழை போலவே வரும் 40 வருடமும் இருக்கும் என்ற நம்பிக்கையும் இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது, அதனால் பழைய வெள்ளங்களைப் பெருக்கிக் காட்டியும் ஓட்டிப் பார்க்கிறார்கள்.

ஷட்டர் பக்கத்தில் நின்று அதை இயக்கும் ஊழியரான லஸ்கரிடம் கேட்டால் இன்னும் சொல்வார்: மதகின் இந்தக் கண்ணில் ரோப் சிக்கும், அந்தக் கதவு முழுசாக ஏறாது, கரண்ட் போனால் கையால் சுற்ற வேண்டும், அதற்கு இத்தனை ஆள், இவ்வளவு நேரம். மாடலில் "திற" என்பது ஒரு எண். செம்பரம்பாக்கத்தின் 19 கண் மதகில் அது மனிதர்கள் மழையில் நின்று செய்யும் வேலை. நல்ல மாடல் போடுபவர் அந்த நேரத்தையும் கணக்கில் எழுதிக்கொள்வார்.

## பேப்பரில் வரும் அந்த ஒரு வரி

இனிமேல் "மேட்டூர் நீர்மட்டம் 100 அடி, இருப்பு 65 டிஎம்சி, வரத்து 20,000 கனஅடி, வெளியேற்றம் 12,000" என்று பேப்பரில் பார்த்தால் கடந்து போகாதீர்கள். 20,000-ல் 12,000 போக 8,000. 11,574-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்குச் சுமார் 0.7 டிஎம்சி சேரும். அந்த உயரத்தில் ஒரு அடி ஏற ஒன்றேகால் டிஎம்சி வேண்டும், ஆகவே நாளைய பேப்பரில் மட்டம் அரை அடி ஏறியிருக்க வேண்டும். ஏறியிருந்தால் உங்கள் மாடல் வேலை செய்கிறது. கொஞ்சம் குறைந்தால் வெயில் குடித்திருக்கும். நிறையக் குறைந்தால் வரத்து காலையில் இருந்தது மாலையில் இல்லை என்று அர்த்தம், பிலிகுண்டுலு எண்ணைத் தேடிப் பாருங்கள். பத்து நாள் இப்படி எழுதி வைத்துக்கொண்டு வாருங்கள், பதினோராவது நாள் பேப்பர் வருமுன்பே அந்த எண்ணை நீங்கள் எழுதிவிடுவீர்கள்.